உதெல்லாம் ஆர் கூட்டுறது?

தம்பியின் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து படம் பார்ப்பார்கள். எல்லாம் பறக்கிற ஆட்களின் படம். ஒருவர் இன்னொருவரைத் தூக்கி உயரமான கட்டடத்தில் எறிவார். அந்தக் கட்டடம் சரியும். பக்கத்தில் சும்மா நின்ற கட்டடமும் துணைக்குச் சரியும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். அந்த நேரம் என் காது மட்டும் பின்னால் சுவரோரம் கிடக்கும் கதிரைப் பக்கம் போகும். அங்கிருந்து ஒரு குரல் வரவேண்டும். வராது. குரலுக்கு உரியவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன.

“உதெல்லாம் பிறகு ஆர் கூட்டுறது?”

எண்பதுகளில் வவுனியாவுக்குக் கிட்ட நெளுக்குளத்தில் எங்களுக்கு அடுத்த வளவில் இருந்தவர் அவர். சொந்தமில்லை. இரண்டு வீட்டுக்கும் வேலி ஒன்று என்பதால் மாமி என்று கூப்பிட்டேன். ஒழுங்கையில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவருடைய வீட்டுக்கு ரீவி வந்த பிறகு பலருக்கு அவர் அன்ரி ஆனார். எனக்கு மாற்றிக் கூப்பிட வெட்கமாக இருந்தது. கடைசிவரை மாமிதான்.

மாமியின் கணவருக்குச் சவூதியில் வேலை. ரீவியும் வீடியோக் கசற் போடுகிற டெக்கும் அவர்தான் அனுப்பினார். பெட்டி வந்த அன்று ஒழுங்கையே முற்றத்தில் நின்றது. பெட்டியைத் திறந்தபோது உள்ளே அடைத்திருந்த வெள்ளை ரெஜிபோம் நொறுங்கித் துகள் துகளாகக் காற்றில் பறந்தது. மாமி ரீவியைத் திரும்பியும் பார்க்கவில்லை. விளக்குமாற்றை எடுத்தார். துகள் விளக்குமாற்றில் ஒட்டியது, சேலையில் ஒட்டியது, கோழியில் ஒட்டியது. உள்ளே அவருடைய மகன் ரூபன் ரீவியில் முதல் படத்தைக் கொண்டுவந்துவிட்டான். வெளியே மாமி ஒரு கோழியைப் பிடித்துவைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ரூபன் அவருக்கு ஒரே பிள்ளை. என் வயது, என் வகுப்பு. அவனுக்கு உலகத்தில் ஒரு ஆசைதான் இருந்தது: பறக்கவேண்டும். வவுனியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கொமிக்ஸ் புத்தகங்களைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். இந்தியாவில் இருந்து வருகிற புத்தகங்கள். தாள் மண்ணிறம், படமெல்லாம் கறுப்பு வெள்ளை. முகமூடி போட்டவர், சால்வை கட்டிப் பறக்கிறவர், சுவரை உடைத்துக்கொண்டு வருகிறவர் என்று எல்லாரும் அதில் நல்ல தமிழ் பேசுவார்கள். ரூபன் வாசித்து முடித்து எனக்குத் தருவான். எனக்கு முன்னர் மாமி வாசிப்பார். அவர் வாசிக்கிற விதம் வேறு. முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போவார். வீரர் வானத்தில் பறந்துபோக, சனம் கீழே நின்று கை காட்டும். மாமி அந்தச் சனத்தின் காலடியைப் பார்ப்பார். உடைந்த கல்லும் கண்ணாடியும் அங்கேயே கிடக்கும். புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்.

மாமியின் முற்றத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். வெள்ளை மணல் முற்றம். ஈர்க்கு விளக்குமாற்றால் காலையும் பின்னேரமும் கூட்டுவார். மீன்முள்ளு மாதிரிக் கோடு விழும். ஊரில் எல்லாரும்தான் முற்றம் கூட்டினார்கள். ஆனால் மாமி பின்னேரம் கூட்டுவதில் ஒரு முறை இருந்தது. விளக்கு வைத்த பிறகு கூட்டக்கூடாது என்பதால் அதற்குச் சற்று முன்னர், படியில் தொடங்கிப் பின்னோக்கி நடந்து, கேற் வரைக்கும் கூட்டிக்கொண்டு போவார். பிறகு வேலியோரமாகச் சுற்றிக் குசினிக் கதவால் உள்ளே வருவார். முற்றத்தில் ஒரு காலடியும் இருக்காது. காலையில் எழும்பியதும் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பதற்கு முன்னர் படியில் நின்று அந்த மணலைப் பார்ப்பார்.

ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். அப்போது எங்கள் பகுதியில் பெரிய வகுப்புப் பெடியன்கள் ஒவ்வொருவராக இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள். முதல்நாள் பின்னேரம் பந்தடித்தவன் அடுத்தநாள் காலையில் இருக்கமாட்டான். போராட இயக்கத்துக்குப் போனார்கள், ஒருவரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. ரூபன் இன்னும் சின்னவன்தான். ஆனால் சின்னவர்கள் வளர்வார்கள். ஒருநாள் வேலியருகே நின்று மாமி என் அம்மாவிடம் சொன்னார்.

“உவன் பறக்கப்போறன் எண்டு நிக்கிறான் அக்கா. எனக்கு அவன் நிலத்தில நிண்டால் போதும்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மாமி வீட்டில் படம் போடுவார்கள். கரண்ட் இருந்தால்தான். பார்க்க வருகிறவர்களுக்குச் சட்டங்கள் இருந்தன. வாசலில் வாளித் தண்ணீரில் கால் கழுவவேண்டும். கச்சான் கடலை கொண்டுவரலாம், ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிரட்டை தரப்படும், கோது அதற்குள் விழவேண்டும். சிரட்டை நிறைந்தால் கையை உயர்த்தவேண்டும். மாமி வந்து எடுத்துக்கொண்டு போய் வேறு சிரட்டை தருவார். நான் கையை உயர்த்த வெட்கப்பட்டு, கோதுகளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

படங்கள் இங்கிலிஸ். பேச்சு ஒருவருக்கும் விளங்காது. அடிபாடு எல்லாருக்கும் விளங்கும். சனமெல்லாம் வீரரைப் பார்த்துக்கொண்டிருக்க, மாமி சுவரோரக் கதிரையில் இருந்து வேறு எதையோ பார்ப்பார்.

ஒரு படத்தில் ஒரு பெண்ணைக் கட்டி வைத்திருந்தார்கள். வீரர் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார். கல்லெல்லாம் சிதறியது. எல்லாரும் ஆரவாரம் செய்து முடிந்த பிறகு மாமி சொன்னார்.

“கதவு திறந்துதானே கிடக்கு.”

நாங்கள் பார்த்தோம். உண்மைதான். உடைந்த சுவருக்குப் பக்கத்திலேயே கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

“அம்மா, அவருக்கு அவசரம்” என்றான் ரூபன்.

“அவசரமெண்டால் கதவால வரவேணும் மோனை. சுவர் உடைக்கத்தான் நேரம் போகும்.”

அதற்குப் பிறகு அந்தப் படம் எங்களுக்கு ஒழுங்காக ஓடவில்லை. வீரர் சுவர்ப் பக்கம் போகிறபோதெல்லாம் பின்வரிசையில் இருந்து ஆராவது “கதவு, கதவு” என்றார்கள்.

சால்வையையும் மாமி விடவில்லை. இவ்வளவு நீளச் சால்வை, அடிபாடு முடிந்தால் புழுதி, எண்ணெய், சில இடத்தில் இரத்தம். மனிசன் தனியாக இருக்கிறார். வீட்டில் கிணறும் காட்டவில்லை. அடுத்த காட்சியில் மட்டும் வெள்ளாவி வைத்தது மாதிரி வருகிறார். ஆர் தோய்க்கிறது என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய பிரச்சினை பழக்காரனால் வந்தது. படத்தின் கடைசிக் கட்டம். கெட்டவன் ஏதோ ஒரு கருவியை அமத்தப்போகிறான், அமத்தினால் உலகம் அழிந்துவிடும். வீரர் மேலே பறந்து வருகிறார். மாமி கதிரையை விட்டு எழும்பி, கசற்றைப் பின்னுக்கு ஓட்டச் சொன்னார். ஏனென்றால் கொஞ்சம் முந்தி ஒரு லொறி தலைகீழாக விழுந்தபோது அதன் கீழே ஒரு பழக்கடை இருந்தது. கடைக்குப் பின்னால் ஒரு மனிதன் நின்றதை மாமி கண்டிருக்கிறார். அவன் தப்பினானா என்று பார்க்கவேண்டும்.

அன்று முன்வரிசையில் தபால்கார அண்ணை இருந்தார். ஒழுங்கையில் வயதில் மூத்தவர். அவர் மெதுவாகத் திரும்பினார்.

“தங்கச்சி, அங்கை உலகம் அழியப்போகுது. நீ பழக்காரனைத் தேடுறாய்.”

“அவனும் அந்த உலகத்திலதானே அண்ணை நிக்கிறான்.”

டெக் மாமியுடையது. ரூபன் பின்னுக்கு ஓட்டினான். லொறி எழும்பி, மறுபடி விழுந்தது. இன்னும் ஒருமுறை விழுந்தது. அந்த மனிதன் லொறி விழுவதற்கு ஒரு கணம் முன்னர் இடப்பக்கம் குனிந்து ஓடியதை நானே கண்டேன், ஆனால் சொல்ல வெட்கமாக இருந்தது. நல்லவேளை, தபால்கார அண்ணையும் கண்டுவிட்டார். “ஓடீட்டான், ஓடீட்டான், போடுங்கோ” என்றார். அவர் குரலில் நிம்மதி இருந்தது. மாமி கதிரையில் இருந்துகொண்டார். கரண்ட் நின்றுவிட்டது. உலகம் அழிந்ததா இல்லையா என்று அந்த ஞாயிறு எங்களுக்குத் தெரியவில்லை. பழக்காரன் தப்பியது மட்டும் தெரியும்.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நாங்கள் அந்தப் படங்களை விளையாடினோம். ரூபன் போர்வையைக் கழுத்தில் கட்டி, ஒரு கையை முட்டி பிடித்து வானத்துக்கு நீட்டியபடி மாமியின் கோழிக்கூட்டின் மேல் ஏறி நிற்பான். மற்றவர்கள் கெட்டவர்கள். நான் கட்டடம். கட்டடத்துக்குப் பேச்சு இல்லை என்பதால் அதை நானே கேட்டு வாங்கினேன். கையை அகட்டி நிற்பேன், அடிபாடு வந்தால் விழுவேன்.

ஒருநாள் ரூபன் குதித்ததில் கோழிக்கூடு உடைந்தது. கோழிகள் முற்றமெல்லாம் ஓட, வைக்கோல் பறந்தது. மாமி வந்தார். அடிப்பார் என்று நினைத்தோம். அவர் விளக்குமாற்றை ரூபனின் கையில் கொடுத்தார்.

“உலகத்தைக் காப்பாத்தினவன்தான் கூட்டவேணும். இனி அதுதான் சட்டம்.”

அன்றிலிருந்து எங்கள் விளையாட்டு தலைகீழானது. வென்றவன் கூட்டவேண்டும், தோற்றவன் செத்துக் கிடக்கலாம். உடனே எல்லாரும் கெட்டவர்கள் ஆனார்கள். வீரனின் கை படுவதற்கு முன்னரே விழுந்து, நிழலான இடமாகப் பார்த்துச் செத்துக் கிடந்தார்கள். வீரனாக ரூபன் ஒருவன்தான் மிஞ்சினான். போர்வை மண்ணில் இழுபட, வியர்த்துக்கொண்டு அவன் கூட்டுவான். பிணங்கள் படுத்தபடியே அவனுக்கு இடம் காட்டும். நடு முற்றத்தை மட்டும் கூட்டிவிட்டு விளக்குமாற்றை எறிவான். மாமி படியில் நின்று கேட்பார்.

“மூலையை ஆருக்கு விட்டனி?”

அந்த நாட்களில்தான் ஒருமுறை மாமி என்னிடமும் கேட்டார், நீ ஏன் பிள்ளை எப்பவும் விழுகிறாய் என்று. நான் கட்டடம் மாமி என்றேன். கட்டடம் என்றால் நிற்கிறதுதானே அதின்ர வேலை என்றார். நான் அதை நெடுநேரம் யோசித்தேன். அடுத்தநாள் ரூபன் ஒரு கெட்டவனைத் தூக்கி என்மேல் எறிந்தபோது நான் விழவில்லை. கெட்டவன்தான் மூக்கில் அடிபட்டு அழுதுகொண்டு வீட்டுக்குப் போனான். அதோடு சில நாட்கள் விளையாட்டு நின்றது.

இரண்டு மூன்று வருடங்கள் போயின. ரூபனுக்கு மீசை அரும்பியது. போர்வை கட்டுவதை விட்டுவிட்டான், கொமிக்ஸை விடவில்லை. பேச்சுக் குறைந்தது. மாமி பின்னேரம் கூட்டுவதற்கு இன்னும் அதிக நேரம் எடுத்தார்.

ஒரு காலை நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் மாமி படியில் நின்றார். அசையவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். மீன்முள்ளுக் கோடுகளின் நடுவால் படியில் இருந்து கேற் வரைக்கும் ஒரு காலடி போயிருந்தது. திரும்பி வந்த அடி இல்லை. இடது கால் கொஞ்சம் வெளியே திரும்பிய அடி. அது ரூபனுடையது என்று எனக்கே தெரியும்.

மாமி காலை கூட்டுவதற்கு எடுத்த விளக்குமாற்றோடு கேற்றைத் திறந்து நடந்தார். ஒருவரையும் கூப்பிடவில்லை. எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. புதுப் புத்தகக் கட்டு அன்று காலை வரும், முந்திப் போனால்தான் கிடைக்கும் என்று ரூபன் வகுப்பில் சொல்லியிருந்தான். ஆனால் அவன் அதற்குத்தான் போனான் என்று எனக்கு எப்படித் தெரியும்? வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மாமி என்று கூப்பிட வெட்கமாக இருந்தது. பின்னாலேயே ஓடினேன். ஒழுங்கை முடிவில்தான் எட்டிப் பிடித்துச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஆனால் நடையை நிறுத்தவில்லை. வவுனியா ரோட்டால் மாமி முன்னால், நான் பின்னால். ஈர்க்கு விளக்குமாற்றைத் தோளில் சாத்திக்கொண்டு ஒரு பெண் வேகமாக நடப்பதைச் சைக்கிளில் போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் தள்ளிப் போனார். கையில் என்ன இருக்கிறது என்று மாமிக்கே தெரியாது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அந்தக் கடை அப்போதுதான் திறந்திருந்தது. படியில் ரூபன் இருந்தான். மடியில் புதுப் புத்தகம். எங்களைக் கண்டதும் எழும்பினான். விளக்குமாற்றையும் கண்டு இரண்டு அடி பின்னுக்குப் போனான்.

மாமி அவன் எழும்பின படியில் இருந்தார். மூச்சு வாங்கியது. கையை நீட்டினார். ரூபன் புத்தகத்தைக் கொடுத்தான். மாமி வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, நெடுநேரம் பார்த்தார். தாளில் ஒரு துளி விழுந்தது. சேலைத் தலைப்பால் அதை ஒற்றி எடுத்தார்.

“உதிலயும் ஒருத்தனும் கூட்டேல்லை” என்றார்.

பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டு, புத்தகக் கட்டு வந்தால் பிள்ளைக்கு ஒன்று எடுத்து வையுங்கோ, பொழுது நல்லா விடிஞ்ச பிறகு வந்து எடுப்பான் என்று சொன்னார். கடைக்காரர் விளக்குமாற்றைப் பார்த்துக்கொண்டே ஓம் என்றார்.

ரூபன் எங்கும் போகவில்லை. அவன் வயதில் போனவர்கள் எத்தனையோ பேர். பல வருடங்களுக்குப் பிறகு ஒருமுறை அவனிடம் கேட்டேன், உனக்கு ஒருநாளும் போக மனம் வரவில்லையா என்று. வந்தது என்றான். “போறதெண்டால் அந்த முத்தத்தில கால் வைக்கவேணும். அம்மா அவ்வளவு வடிவாய்க் கூட்டி வச்சிருப்பா. மனம் வரேல்லை.”

இடையில் இரண்டு தரம் இடம்பெயர்ந்தோம். ரீவியும் டெக்கும் எங்கேயோ போயின. போன இடத்தில் மரத்தின் கீழே தரப்பாள் கட்டி இருந்தோம். மாமி முதலில் கேட்டது விளக்குமாறு. கிடைக்காததால் தென்னோலையைக் கிழித்து ஒன்று கட்டி, தரப்பாளுக்கு முன்னால் பாய் அகலத்துக்கு ஒரு முற்றத்தைக் கூட்டினார். அதன் மேலால் நடந்துபோன அதிகாரி ஒருவரை நிறுத்தி, சுற்றிப் போகச் சொன்னார். அவர் சுற்றித்தான் போனார்.

சண்டை முடிந்து ஊர் ஓரளவுக்கு அடங்கிய காலத்தில் ரூபனுக்குக் கிளிநொச்சிப் பக்கம் வேலை கிடைத்தது. துப்புரவு வேலை என்று மாமியிடம் சொன்னான். மாமிக்கு அப்படி ஒரு சந்தோசம். ஒழுங்கையில் எல்லாரிடமும் சொன்னார். மாதத்தில் சில நாட்கள் வீட்டுக்கு வருவான், உடுப்புகளை மாமி தோய்ப்பார். மூன்றாவது தரமோ நான்காவது தரமோ, நனைந்த காற்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனுக்கு முன்னால் வந்து நின்றார். நானும் அங்கே இருந்தேன்.

“கூட்டுறவனுக்கு முழங்காலில ஏன் மண்?”

ரூபன் என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு சொன்னான். கண்ணிவெடி அகற்றுகிற வேலை. ஊர் ஊராக, காணி காணியாக. மாமி காற்சட்டையைக் கொடியில் போட்டார். அன்று முற்றத்தை ஏற்கனவே கூட்டியிருந்தார். மறுபடியும் கூட்டினார்.

ரூபன் வேலைக்குத் திரும்பிப் போன பிறகு ஒரு காலை மாமி நல்ல சேலை உடுத்துக் கைப்பையோடு எங்கள் வாசலில் நின்றார். “வெளிக்கிடு பிள்ளை. இவன் என்ன கூட்டுறான் எண்டு பாக்கவேணும்.” கிளிநொச்சி பஸ்சில் போய், இரணைமடுச் சந்தியில் இறங்கி, ஒரு ஓட்டோக்காரரிடம் விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம். ஒரு பக்கம் ரோட்டு, மறுபக்கம் பற்றை. பற்றைக்கு முன்னால் நாடா கட்டி, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள். ஒரு பெடியன் வோக்கிரோக்கியோடு ஓடி வந்தான். அங்கே பொறுப்பாக நின்றவன். மாமி அந்த நேரம் பார்த்து ரோட்டில் குனிந்தார்.

“அம்மா, கீழ கிடக்கிற ஒண்டையும் தொடாதேங்கோ.”

“இது ரொபிப் பேப்பர் தம்பி” என்று மாமி இனிப்புச் சுற்றின அந்தத் தாளை எடுத்துக் காட்டி, கைப்பைக்குள் வைத்தார்.

நாடாவைத் தாண்டக்கூடாது என்று அவன் சொன்னான். தான் உள்ளுக்கு வரவில்லை, பார்த்துவிட்டுப் போகிறேன் என்று மாமி குடையை விரித்து நின்றுவிட்டார். தூரத்தில் ஆட்கள் வேலை செய்தார்கள். கழுத்தில் இருந்து தொடை வரைக்கும் தடித்த நீலக் கவசம். முகத்தை மூடிக் கண்ணாடித் தட்டு. எல்லாரும் ஒரே உடுப்பு, ஒருவருக்கும் முகம் இல்லை. எனக்கு அந்தப் பழைய புத்தகங்கள் நினைவுக்கு வந்தன. மாமிக்கும் வந்திருக்கவேண்டும்.

“சால்வை இல்லை” என்றார். “அது நல்லது.”

இதில் ரூபனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மாமி குடைக்காம்பால் காட்டினார். “அங்கை. இடது கால் வெளிய திரும்பி நிக்குது பார்.”

அவன் புல்லை ஒரு கத்திரியால் வெட்டினான். வெடி தேடுகிற கருவியை மெல்ல அசைத்துப் பார்த்தான். முழங்காலில் இருந்து, சின்னக் கரண்டி ஒன்றால் மண்ணைச் சுரண்டி, தூரிகையால் கூட்டி எடுத்தான். ஒரு சாண் முன்னேறினான். மறுபடி முதலில் இருந்து. வெயில் ஏறியது. மாமி குடையைப் பிடித்த கையை மாற்றவும் இல்லை.

விசில் ஊதினார்கள், ஓய்வு நேரம். ரூபன் முகத்தட்டைத் தூக்கினான். ரோட்டில் குடையைக் கண்டான். பிறகு ஒரு கை முட்டியை வானத்துக்கு நீட்டினான், கோழிக்கூட்டின் மேல் நின்ற அதே மாதிரி. மற்றவர்கள் அவனைப் பார்த்தார்கள்.

மாமி பொறுப்பாளரைக் கூப்பிட்டார். “தம்பி, உந்தப் பெட்டியில கதைச்சால் அங்கை கேக்குமோ?”

“ஓம் அம்மா.”

“கையை இறக்கச் சொல்லுங்கோ. விளையாட இது இடமில்லை எண்டும் சொல்லுங்கோ.”

அவன் என்னைப் பார்த்தான், மாமியைப் பார்த்தான், வோக்கிரோக்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் அதை அப்படியே சொன்னான். தூரத்தில் கை இறங்கியது. நீலக் கவசங்கள் எல்லாம் சிரிப்பில் குலுங்கின.

மறுபடி விசில் ஊதியது. முகத்தட்டுகள் இறங்கின. போவோமா மாமி என்று கேட்டேன். பொறு என்றார். ரூபனுக்கு முன்னால் தடியும் நாடாவும் வைத்து ஒரு துண்டு நிலம் அளந்திருந்தது. அவன் அதன் நடுவை முடித்து, ஒரு பக்கம் நகர்ந்து, நாடா சந்திக்கிற முனையில் முழங்காலில் இருந்தான். அங்கே தூரிகை நெடுநேரம் அசைந்தது. அவன் எழும்பும்வரை மாமி பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடையை மடக்கினார்.

“மூலையை விடேல்லை” என்றார்.